பெரிய எழுத்தை விடுங்கள். சிறிய எழுத்தைப் படியுங்கள்!

ஒரு கெஜ நீளம், முக்கால் கெஜ அகலம். வெள்ளைப் பட்டு, அல்லது பருத்தித் துணி. நடுவே சிவப்பு வட்டம். வட்டத்தைச் சுற்றிலும், சூரியனிலிருந்து கிளம்பும் கதிர்களைப் போல, கறுப்பு மையில் எழுதிய பெயர்கள். இரண்டாவது உலக மகாயுத்தத்தில் போர்முனைக்குப் போன ஜப்பானியச் சிப்பாய்கள் ஏராளமானோர் இத்தகைய கொடியை மடித்து, உடையினுள் மறைத்து, உடம்போடு வைத்திருந்தார்கள். மாண்டவர்களின் உடம்பிலிருந்து எதிர்ப்படைச் சிப்பாய்கள் அதனை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அக்கொடிகள் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. சில கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. சில ஏலத்துக்கு வருகின்றன.

கொடி யார் கைக்கு வந்தாலும் அவர் கேட்கும் கேள்விகள் இரண்டே. இது அசலா, போலியா? இதில் என்ன எழுதியிருக்கிறது?

இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால், முதல் கேள்வி பெரும்பாலும் விலைக்காகக் கேட்கப்படுகிறது. இரண்டாவது கேள்விக்குப் பாதி விடைதான் கிடைக்கிறது. அந்த மற்றப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

வீடு வீடாகப் போன துணி

பட்டாளத்தில் சேரும்படி ஓர் இளைஞனுக்கு உத்தரவு வந்ததும் அவனுக்காக ஒரு கொடி தயாராகும். பெற்றோர், உடன்பிறந்தோர், அண்டை அயலார், பள்ளி ஆசிரியர், தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் அதில் தூரிகையால் பெயர் எழுதுவார்கள். 'யோசெகாகி ஹினோமாரு' என்பது இதன் பெயர். ஹினோமாரு என்றால் சூரிய வட்டக் கொடி. யோசெகாகி என்றால் பலர் கூடி எழுதுவது. சூரியன்மேல் எழுதுவது மரியாதைக் குறைவு என்று கருதியதால், பெயர்கள் பெரும்பாலும் வட்டத்தைத் தொடாமல் சூழ்ந்து நிற்கும். சில கொடிகளில் ஊர்க்கோயிலின் சிவப்பு முத்திரையும் காணப்படும்.

இதற்குத் துணையாக இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் அரைக்கச்சை அது. 'சென்னின்பாரி' என்பார்கள். புலி ஆண்டில் பிறந்த பெண் மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சுகள் போடலாம். புலி ஆயிரம் காதம் போனாலும் திரும்பி வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. சில கச்சைகளில் ஐந்து சென் நாணயம் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். 'நான்கு சென்' என்பதற்கும் 'மரண எல்லை' என்பதற்கும் ஜப்பானிய மொழியில் ஒரே உச்சரிப்பு. நான்கைத் தாண்டினால் மரணத்தைத் தாண்டியதாகக் கணக்கு!

'உயிரோடு திரும்பி வா' என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாத காலம் அது. சொல்ல முடியாததை நூலிலும் நாணயத்திலும் வைத்துத் தைத்தார்கள். கொடியில் எழுதிய பெயர்களையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

எல்லாக் கொடிக்கும் ஒரே வாசகம்

கொடியைக் கண்டதும் கண்ணில் படுவது பெரிய எழுத்து. பெரும்பாலும் மேற்புறத்தில், வலமிருந்து இடமாக, 'புஉன் சோக்யூ' என்று எழுதியிருக்கும். போர்க்களத்தில் அதிர்ஷ்டம் நெடுநாள் நிலைக்கட்டும் என்பது பொருள். 'வெற்றி நிச்சயம்', 'விசுவாசத்தோடு நாட்டுக்குத் தொண்டு', 'ஏழு பிறவி எடுத்தும் நாட்டுக்குத் தொண்டு' என்பனவும் அடிக்கடி வரும்.

விற்கிறவர்கள் இந்த ஒரு வரியை மொழிபெயர்த்துச் சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டதாம்! தபால் உறையின்மேல் அச்சிட்டிருக்கும் 'அவசரம்' என்ற சொல்லைப் படித்துவிட்டு, விலாசத்தைப் படிக்காமல் விடுவதற்கு இது சமம். ஆயிரம் கொடிகளை எடுத்தால் ஆயிரத்திலும் பெரிய எழுத்து ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இந்தக் கொடி யாருடையது என்று சொல்வது ஓரத்திலுள்ள சிறிய எழுத்துதான்.

சிப்பாயின் பெயர் வலப்பக்கமோ இடப்பக்கமோ சற்றுப் பெரிதாக இருக்கும். பெயருக்குப் பின்னே 'குன்' என்ற மரியாதை விகுதி நிற்கும். இளைஞனை அன்போடு அழைக்கும் சொல் அது. அதனைக் கண்டுபிடித்தால் கொடிக்கு உரியவன் அகப்பட்டான். மற்றப் பெயர்கள் அவனுடைய ஊர்.

ஒரு பெயர், பல உச்சரிப்பு

அகப்பட்டான் என்று எழுதுவது எளிது. செய்வது அவ்வளவு எளிதன்று. ஜப்பானியப் பெயர்கள் சீன எழுத்துகளால் எழுதப்படுகின்றன. எழுத்து ஒன்றாக இருந்தாலும் உச்சரிப்பு ஒன்றாக இராது. ஒரே பெயரை 'நகாஜிமா' என்றும் படிக்கலாம், 'நகாஷிமா' என்றும் படிக்கலாம். ஒரே பெண் பெயர் ஒரு வீட்டில் 'சச்சிக்கோ', அடுத்த வீட்டில் 'யுக்கிக்கோ'. எது சரி என்று அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு, பழங்காலத்தார் எழுத்துகளைக் கூட்டிச் சுழித்து வேகமாக எழுதியிருப்பார்கள். இன்றைய ஜப்பானிய இளைஞருக்கே அது எளிதில் புரிவதில்லை. நம் தாத்தா காலத்துப் பத்திரங்களை இன்று நம்மில் எத்தனை பேர் தடங்கலின்றிப் படித்துவிடுகிறோம்?

ஆயினும் தேர்ந்தவர்கள் வழி கண்டுபிடிக்கிறார்கள். சில குடும்பப் பெயர்கள் சில பிரதேசங்களில்தான் மிகுதி. 'கிழக்கு, கடல், காடு' என்ற மூன்று எழுத்துகளால் ஆன ஒரு பெயரை அகிதா பக்கத்தில் 'ஷோஜி' என்பார்கள். பக்கத்து யமகாத்தாவில் 'தோகாய்ரின்' என்பார்கள். அத்தகைய பெயர் ஒரே கொடியில் நாலைந்து முறை வந்தால் தேட வேண்டிய திசை தெரிந்துவிடும். கோயில் முத்திரை ஊரைச் சொல்லலாம். ஆலையின் பெயரோ பள்ளியின் பெயரோ ஒரு மூலையில் இருந்தால் இன்னும் நல்லது. தனியாக நின்றால் எதையும் சொல்லாத பெயர், நூறு பெயர்களோடு சேர்ந்து நின்றால் ஒரு கிராமத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இது வெறும் ஊகமன்று. நடந்த சம்பவம் உண்டு. 1944-இல் சைப்பான் தீவில் எடுத்த கொடி ஒன்றை அமெரிக்காவில் மொன்டானா மாகாணத்து முன்னாள் படைவீரர் ஒருவர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். அதில் 180 கையெழுத்துகள். அவற்றை ஆராய்ந்தவர்கள் கிஃபு மாகாணத்து மலைக்கிராமமான ஹிகாஷி ஷிரகாவா என்று ஊரைக் கண்டார்கள். 2017 ஆகஸ்டு 15-ஆம் தேதி, 93 வயதுக் கிழவரான அந்த வீரர் நேரில் போய்க் கொடியைக் கொடுத்தார். இறந்தவரின் தம்பி 89 வயதில் அதனை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். 'வெற்றி நிச்சயம்' என்பதை மட்டும் மொழிபெயர்த்து வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

போலிக்கும் வயது எண்பது

இனி, அசலா போலியா என்ற கேள்விக்கு வருவோம். போலிக்கொடி இன்று நேற்று வந்ததன்று. யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, பசிபிக் தீவுகளில் வேலை செய்த அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படையினர் பாராசூட் துணியில் சிவப்பு வட்டம் தீட்டி, நினைவுப்பொருள் தேடி அலைந்த மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் விற்றார்கள். பிற்காலத்தில் சேகரிப்பவர்களை நம்பியே புதிய போலிகள் பிறந்தன.

போலியைப் பிடிக்கும் முறைகளில் சில படித்தவர் எவரும் புரிந்துகொள்ளத்தக்கவை. யுத்தத்துக்குப் பின் ஜப்பானிய சர்க்கார் எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. 1946-இல் பொது வழக்குக்கு 1,850 எழுத்துகளைக் குறித்தார்கள். 1949-இல் பல எழுத்துகளின் வடிவத்தை எளிமையாக்கினார்கள். 'நாடு' என்ற எழுத்துக்குப் பழைய வடிவில் 11 கோடுகள். புதிய வடிவில் 8. யுத்தகாலக் கொடி என்று சொல்லப்படும் ஒன்றில் எல்லா எழுத்தும் புது வடிவில், இடமிருந்து வலமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

தேதியையும் பார்க்க வேண்டும். ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஷோவா 13 என்றால் 1938. அந்தத் தேதியிட்ட கொடியில் 'அமெரிக்காவையும் பிரிட்டனையும் நொறுக்குவோம்' என்று எழுதியிருந்தால்? அந்நாடுகளோடு யுத்தம் மூண்டது 1941 டிசம்பரில் அல்லவா!

துணியும் சாட்சி சொல்லும். நூல் பாலியஸ்டராக இருந்தால் அது யுத்தகாலக் கொடி அன்று. புற ஊதா ஒளியில் துணி பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், பிற்காலத்து வெளுப்பு ரசாயனம் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

அவசரத் தீர்ப்பு ஆகாது

ஆனால், இந்தச் சோதனைகளை வாய்ப்பாடு போல் ஒப்பித்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது போலிக்கு நிகரான தீங்கு.

எளிமையான எழுத்து வடிவங்கள் 1949-இல் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. கையால் வேகமாக எழுதும்போது அவற்றில் பலவற்றை மக்கள் முன்பே பயன்படுத்தி வந்தார்கள். ஆகவே ஒரே ஓர் எழுத்தைக் காட்டிக் கொடியைத் தள்ளிவிட முடியாது. பளிச்சென்று ஒளிரும் கொடியும் அசலாக இருக்கலாம். கொண்டுவந்த வீரரின் மனைவி பிற்காலத்துச் சோப்புத்தூளில் அதை அலசியிருப்பாள். 'எல்லாப் பெயரும் ஒரே கையெழுத்து. ஆகவே போலி' என்பார் ஒருவர். பெரும்பாலான அசல் கொடிகளில் கைகள் பல என்பது மெய். ஆசிரியரின் தேர்ந்த எழுத்து ஒரு பக்கம், சிறுவனின் கோணல் எழுத்து ஒரு பக்கம், ஓசை எழுத்து மட்டும் அறிந்த பாட்டியின் எழுத்து ஒரு பக்கம் என்று இருக்கும். ஆனால், அழகாக எழுத வல்ல ஒருவரிடம் கொடுத்து ஊரார் பெயரையெல்லாம் எழுதி வாங்கியதும் உண்டு.

இதன் மறுபக்கம் விலை ஏற்றும் வித்தை. எந்தக் கொடியைக் கண்டாலும் 'தற்கொலை விமானியின் கொடி' என்று சீட்டு ஒட்டுவதில் சிலருக்குக் கூச்சமே இல்லை. அந்த விமானப் படைகள் களத்தில் இறங்கியது 1944 அக்டோபரில்தான். கொடிகளோ 1937-இல் தொடங்கிய சீன யுத்தத்திலேயே ஏராளமாய்ப் போனவை. கொடிக்கு உரியவன் நெல் வயலில் வேலை செய்த சாதாரணக் காலாட்படைக்காரனாய் இருந்திருப்பான். அவனை வீரகாவியம் ஆக்கினால் விலை ஏறலாம். ஆனால் அவன் காணாமற் போய்விடுகிறான்.

தேர்வாளர்கள் சொல்லத் தயங்கும் சொல் ஒன்று உண்டு: 'நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.' நல்ல வைத்தியர் சொல்லத் தயங்காத சொல் அது. அசல் என்றால் எதனால் அசல், போலி என்றால் எதனால் போலி என்று காரணத்தோடு எழுதித்தர வேண்டும். படிக்க முடியாத பெயரை 'படிக்க முடியவில்லை' என்றே குறிக்க வேண்டும். இரண்டு உச்சரிப்புக்கு இடமிருந்தால் இரண்டையும் எழுத வேண்டும். ஊகத்தால் நிரப்பிய ஒரு பெயர், தேடுகிறவரை வேறொரு குடும்பத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

யாருக்காக இந்தப் பரீட்சை?

சேகரிப்பவருக்குப் போலிக்கொடியால் போவது சில நூறு டாலர். வேறொருவருக்குப் போவது அதைவிடப் பெரிது.

ஒகினாவா, இவோஜிமா உள்பட வெளிப்போர்முனைகளில் மாண்ட ஜப்பானியர் சுமார் 24 லட்சம் பேர். அவர்களில் சுமார் 11 லட்சம் பேரின் எலும்புகூட இன்னும் ஊர் திரும்பவில்லை. எத்தனையோ வீடுகளுக்கு வெள்ளைத்துணி சுற்றிய ஒரு பெட்டி மட்டும் வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கல், அல்லது பெயர் எழுதிய சீட்டு. மகன் எங்கே விழுந்தான், எப்படி விழுந்தான் என்பது தெரியாமலே தாய்மார் கண்மூடினார்கள். அத்தகைய வீட்டுக்கு, அவன் உடம்போடு கடைசிவரை இருந்த துணி திரும்பி வருமானால், அது கொடியாக வருவதில்லை, அவனாகவே வருகிறது. அஸ்தி இல்லாத கல்லறையில் அதை வைத்துக் கும்பிடுவார்கள்.

அந்த வீட்டின் கையில் போலியைக் கொடுப்பதைவிடக் கொடுமை வேறு உண்டா? அசலைப் போலி என்று சொல்லிக் குப்பையில் போடச் செய்வதும் அதே கொடுமைதான். பரீட்சை கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். ஏலக்காரரின் சுத்தியலுக்காக அன்று.

அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்து அஸ்டோரியா நகரில், ரெக்ஸ் ஸியாக், கெய்கோ ஸியாக் என்ற தம்பதிகள் 2009-இல் தொடங்கிய 'ஓபோன் சங்கம்' இந்தப் பணியைச் செய்து வருகிறது. கெய்கோவின் பாட்டனார் பர்மாவில் மாண்டவர். அவருடைய கொடி 2007-இல் எதிர்பாராமல் குடும்பத்துக்குத் திரும்பிவந்தது. அந்த அனுபவத்தில் பிறந்த சங்கம் நூற்றுக்கணக்கான கொடிகளை வீடு சேர்த்திருக்கிறது. டெக்சாஸில் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரிலுள்ள போர்க்கப்பல் பொருட்காட்சிசாலை, 29 ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்த கொடியை 2023-இல் சைப்பானில் மாண்டவரின் குடும்பத்துக்கு அனுப்பிவைத்தது. பொருட்காட்சிசாலையே கொடுக்கும்போது பரணில் போட்டு வைத்திருப்பவருக்கு என்ன தடை?

'எதிரியின் கொடிதானே?'

ஓர் ஆட்சேபம் எழும். எழத்தான் வேண்டும். இந்தக் கொடியைச் சுமந்த பட்டாளம் ஆசியாவில் செய்தது என்ன? 1937-இல் நான்கிங் நகரில் நடந்ததைச் சீனர்கள் மறப்பார்களா? தமிழருக்கும் இதில் பேச உரிமை உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளிகள் ஆயிரமாயிரமாய் மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல்லும் இல்லை, கொடியும் இல்லை.

இந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. கொடியைத் திருப்பிக் கொடுப்பது குற்றத்தை மன்னிப்பதன்று. பட்டாளத்தின் கொடி வேறு. இந்தக் கொடி வேறு. பட்டாளத்தின் கொடியைச் சர்க்கார் தந்தது. இதனை அக்காளும் பக்கத்து வீட்டுக்காரரும் பள்ளி ஆசிரியரும் எழுதித் தந்தார்கள். உண்மையில், பெயரில்லாமல் மடிவதன் கொடுமை தமிழருக்குத் தெரியும். தெரிந்தவர்கள், பெயர் எழுதிய துணியைப் படிக்காமல் போடுங்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னோர் ஆட்சேபமும் உண்டு. 'என் தகப்பனார் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்தது. அவர் ஞாபகமாக எனக்கு அது வேண்டும்' என்பார் வீரரின் மகன். அவர் கையிலிருந்து யாரும் பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது. ஆனால் அவர் ஒன்றை யோசிக்கலாம். அவருக்குத் தகப்பனாரின் படம் இருக்கிறது, கடிதம் இருக்கிறது, கல்லறை இருக்கிறது. மறுகரையில் இருப்பவருக்கு இந்தத் துணி ஒன்றுதான்.

செய்ய வேண்டியது

கொடி வைத்திருப்பவர் அதைத் துவைக்கக் கூடாது. இஸ்திரி போடக் கூடாது. நனைந்தால் சிவப்புச் சாயம் ஓடிப் பெயர்களை மூழ்கடிக்கும். வெயில் படாமல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் முழுக்கொடியையும், பின்னர் ஒவ்வொரு பகுதியையும், முத்திரைகளையும் படமெடுக்க வேண்டும். கொடி எப்படி, எந்தத் தீவிலிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை எழுதி உடன் வைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பவர் கடைசிப் பெயர்வரை படித்துப் பட்டியல் தர வேண்டும். விற்கிறவர், விற்றே தீருவதானால், விற்பதற்கு முன் அந்தப் பட்டியலை வெளியிட்டுக் குடும்பத்தைத் தேட அவகாசம் தர வேண்டும். பொருட்காட்சிசாலைகளும் தங்கள் அலமாரிகளில் உள்ள பெயர்களை வெளியே சொல்ல வேண்டும். குடும்பம் வேண்டாம் என்றால் அது அவர்கள் உரிமை. கேட்காமல் இருப்பதற்கு மட்டும் காரணமில்லை.

அவசரமும் இருக்கிறது. யுத்தம் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கொடியைக் கொண்டுவந்தவர்கள் ஏறத்தாழ எல்லாரும் போய்விட்டார்கள். 'இது என் அக்காள் எழுத்து' என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய தம்பி தங்கைகளும் தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். துணி இன்னும் நூறு ஆண்டு தாங்கும். அவர்கள் தாங்க மாட்டார்கள்.

பெரிய எழுத்து ஒரு சாம்ராஜ்யத்துக்குச் சொந்தமாய் இருந்தது. அந்தச் சாம்ராஜ்யம் 1945-இல் முடிந்தது. சிறிய எழுத்து ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பம் ஏதோ ஓர் ஊரில் இன்னும் இருக்கிறது. அதன் விலாசம் துணியிலேயே எழுதியிருக்கிறது. படிப்பதுதான் பாக்கி.